அட்டையும் வண்ணத்துப்பூச்சியும்

அம்மாயியின் கணுக்காலைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. சின்ன வயதில் அவற்றை மச்சம் என்று நினைத்திருந்தேன். அட்டை கடித்த தழும்புகள் என்று பிறகுதான் தெரிந்தது. இலங்கையில் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் 12 வயதில் கூடை தூக்கியவள், நீலகிரியில் 58 வயதில் கூடையை இறக்கி வைத்தாள். இடையில் மழைக்காலம் தவறாமல் அட்டை கடித்தது. இடுப்பில் படங்குச் சாக்கு, மடியில் உப்பும் புகையிலையும் கலந்த ஒரு பொட்டலம். "சிலோன் அட்டை, இந்தியா அட்டைன்னு பேதமில்ல புள்ள. ரெண்டுக்கும் எங்க ரத்தம் ஒத்துக்கிச்சு" என்பாள்.

எங்கள் குடும்பம் 1973இல் இங்கே வந்தது. இலங்கை சுதந்திரம் அடைந்த 1948லேயே தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமை பறிபோனது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். அம்மாயியை யாரும் எதுவும் கேட்கவில்லை. தாத்தா கைநாட்டு வைத்தார். அவள் 7 வயதுப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பல் ஏறினாள். அந்தப் பெண் என் அம்மா. ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு இந்த மலை. தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கவென்று 1968லேயே இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கியிருந்தன. அங்கே எங்களைக் கள்ளத்தோணி என்றார்கள். இங்கே சிலோன்காரர்கள் என்றார்கள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் எழுத வந்திருப்பது ஒரு சிங்கள அரசியல்வாதியைப் பற்றி. தன்பாலீர்ப்பாளர் ஒருவர் பதவியில் இருந்ததால் சம உரிமைப் போராட்டத்துக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி பற்றி. அந்தக் கேள்வியை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 2018 தீபாவளிக்கு முந்தைய நாள் அம்மாயியின் அடுப்படியில் அது எனக்குக் கிடைத்தது.

அப்போது எனக்கு 32 வயது. ஊட்டியில் ஒரு கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். குன்னூரில் வாடகை வீடு. கூட ஒருத்தி இருந்தாள். கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டியில் பிறந்தவள், செவிலியர். வீட்டுக்காரரிடமும் கல்லூரியிலும் வீட்டிலும் நாங்கள் சிநேகிதிகள். வாடகையைப் பகிர்ந்துகொள்கிறோம், அவ்வளவுதான். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பு, செப்டம்பர் 6 அன்று, உச்ச நீதிமன்றம் 377ஆவது பிரிவின் கழுத்தைப் பிடித்து, மனமொத்த வயதுவந்தவர்களின் உறவு குற்றமல்ல என்று சொல்லிவிட்டது. அன்று சாயங்காலம் அவள் டியூட்டி முடிந்து வரும்போது கால் கிலோ வர்க்கி வாங்கி வந்தாள். கதவைத் தாழிட்டு, டீயில் தோய்த்துத் தின்றோம். அதுதான் எங்கள் கொண்டாட்டம். தீர்ப்பு வந்த பிறகும் கதவைத் தாழிட வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். லயத்து வீடு. இரண்டு அறை, நடுவில் ஒரு சுவர், பக்கத்து வீட்டு இருமல் நம் வீட்டு இருமல் மாதிரி கேட்கும். அம்மா வழக்கம்போல் ஒரு போட்டோவோடு காத்திருந்தாள். மாப்பிள்ளை திருப்பூரில் கம்பெனி சூப்பர்வைசராம். நான் பதில் சொல்லாமல் அடுப்படிக்குப் போய் அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்தேன். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"சிலோன்ல என்னடி சேதி?"

நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்கும் கேள்வி இது. 45 வருடங்கள் ஆகியும் அவளுக்கு அந்த நாட்டுச் சேதி வேண்டும். செல்போனை எடுத்துப் படித்துச் சொல்வேன். அன்றைக்குச் சேதி நிறைய இருந்தது. அக்டோபர் 26 அன்று ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைத் திடீரென்று நீக்கிவிட்டு மகிந்த ராஜபக்சவை அந்த நாற்காலியில் உட்காரவைத்திருந்தார். நாடே கொந்தளித்துக்கொண்டிருந்தது. நவம்பர் 5 அன்று ஒரு கூட்டத்தில் பேசிய சிறிசேன, ரணிலைச் சுற்றியிருந்த வண்ணத்துப்பூச்சிக் கூட்டம்தான் ஆட்சியின் முடிவுகளை எடுத்தது என்கிற மாதிரிப் பேசினார். மேடையிலும் கீழேயும் சிரித்திருப்பார்கள். ஆண்களைக் காதலிக்கும் ஆண்களைக் கேலி செய்யச் சிங்களத்தில் புழங்கும் சொல் அது. அதற்கு நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர ட்விட்டரில் பதில் எழுதியிருந்தார். அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சியாக இருப்பது மேல் என்பது அதன் சாரம்.

படித்தேன். அம்மாயி முறுக்கு அச்சைக் கீழே வைத்தாள்.

"சமனலயா சொன்னான்?"

"ஆமா. உனக்குத் தெரியுமா?"

"தெரியாமயா. எங்க தோட்டத்துக்கு எதிர்ல இருந்த மலையே சமனல கந்ததான். நம்ம ஆளுங்க சிவனொளிபாதம்னு சொல்வோம். சீசனுக்கு ராத்திரி பாத்தா மலை உச்சிவரைக்கும் விளக்கா இருக்கும். வண்ணாத்திப்பூச்சி எல்லாம் சாகறதுக்கு அந்த மலைக்குத்தான் போகும்பாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "அது எப்பிடிப் புள்ள திட்டாச்சு?" என்றாள்.

சொல்ல வேண்டியதாயிற்று. ஆம்பளையை விரும்புகிற ஆம்பளை, பொம்பளையை விரும்புகிற பொம்பளை என்று மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குரலில் சொன்னேன். தொண்டை வறண்டு போனது. எண்ணெயைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வாழ்க்கையில் அம்மாயியிடம் அந்த வார்த்தைகளை நான் சொன்னது அதுதான் முதல் முறை. அதைக்கூட வேறொருவரைப் பற்றிய சேதியாகத்தான் சொல்ல முடிந்தது.

அம்மாயி அதிர்ச்சி அடையவில்லை. அவள் கேட்டது வேறு.

"அந்த மங்கள யாரு மகன்?"

மாத்தறைக்காரர், மகாநாம சமரவீரவின் மகன், அப்பா சிறிமாவோ அரசாங்கத்தில் மந்திரியாக இருந்தவர் என்று படித்துச் சொன்னேன்.

"சிறிமா அம்மா ஆளா? எங்களைக் கப்பல் ஏத்துன கூட்டம்" என்று முறுக்கைத் திருப்பிப் போட்டாள். "அவன ஒரு நாள் சமனலன்னான். எங்கள ஆயுசு பூரா கள்ளத்தோணின்னான். அவனுக்குக் கையில நாக்காலி இருக்கு, திருப்பிச் சொன்னான். நாங்க யார்கிட்டத் திருப்பிச் சொல்றது?"

இந்தக் கட்டுரை முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அதன் பிறகு மங்களவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1956இல் பிறந்தவர். லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் ஆடை வடிவமைப்பு படித்துவிட்டு ஊர் திரும்பியவர். 1989இல் மாத்தறையிலிருந்து நாடாளுமன்றம் போனார். இலங்கை அரசியலில் தன் பாலீர்ப்பை மறைக்காமல் வாழ்ந்த முதல் தலைவர் என்று அவரைச் சொல்கிறார்கள். மற்ற நாடுகளில் இப்படி முதலாமவர் என்று பெயர் பெற்றவர்களின் கதை பெரும்பாலும் தங்கள் சமூகத்துக்கான போராட்டத்திலிருந்து தொடங்கும். அமெரிக்காவின் ஹார்வி மில்க் 1977இல் சான் பிரான்சிஸ்கோ நகர சபைக்கு வென்றதும், 1978 நவம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டதும் அப்படியான கதை. மங்களவின் கதை தாய்மார்களிடமிருந்து தொடங்குகிறது.

1980களின் இறுதியில் தென்னிலங்கையில் ஜேவிபி கிளர்ச்சியை அரசு ஒடுக்கியபோது ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர்கள் காணாமல் போனார்கள். 1990இல் மாத்தறையில் அவர்களுடைய அம்மாக்கள் திரண்டு அன்னையர் முன்னணி அமைத்தார்கள். அதைக் கட்டியெழுப்ப முன்னால் நின்ற இரண்டு இளம் உறுப்பினர்கள் மங்களவும் மகிந்தவும். கடத்திக் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் ரிச்சர்ட் டி சொய்சாவின் தாய், மருத்துவர் மனோராணி சரவணமுத்து, அதன் தலைவராக இருந்தார். தமிழ்ப் பெண். இதற்கெல்லாம் முன்னோடியாக 1984லேயே யாழ்ப்பாணத்தில் தமிழ்த் தாய்மார் ஓர் அன்னையர் முன்னணி நடத்தியிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

1992 ஜூனில் அந்தத் தென்னிலங்கைத் தாய்மார் கொழும்பு முகத்துவாரத்துக் காளி கோவிலுக்குப் போய்த் தலைவிரி கோலமாகத் தேங்காய் உடைத்து ஆட்சியாளர்களைச் சபித்தார்கள். இதை அம்மாயிக்குச் சொன்னபோது அவள் முகம் மாறியது. "மண்ண வாரித் தூத்துனாங்களா? அது சும்மா போகாது" என்றாள். நீதிமன்றமும் போலீசும் கைவிட்ட பெண்களிடம் மிஞ்சியிருக்கும் ஆயுதம் சாபம் என்பது அவளுக்குத் தெரியும். அந்தக் கூட்டத்தோடு நின்ற ஆண் என்பதால், மங்கள அவளுடைய கணக்கில் ஒரு படி ஏறினார்.

1990களின் நடுவில் வெண்தாமரை இயக்கத்தை நடத்தி, தமிழர்களுக்கு அதிகாரத்தைப் பகிர வேண்டும் என்று சிங்கள கிராமங்களில் பேசவைத்தார். 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகத்தைத் திரும்பக் கட்ட, ஆளுக்கொரு செங்கல்லும் ஒரு புத்தகமும் கேட்டது அந்த இயக்கம். 2015இல் வெளியுறவு அமைச்சராக இருந்தபோது, போர்க்காலக் குற்றங்களுக்குப் பொறுப்புக்கூறுவதாக ஐ.நா. மனித உரிமை மன்றத்தின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கையையே இணை அனுசரணையாளர் ஆக்கினார். அதற்காக அவரைத் துரோகி என்றார்கள். சமனல என்பதும் துரோகி என்பதும் ஒரே வாய்களிலிருந்துதான் பெரும்பாலும் வந்தன. ஆண்மையும் தேசமும் ஒரே சட்டைக்குள் தைக்கப்பட்டிருக்கும் இடத்தில், ஒன்றுக்கு அடங்காதவரை மற்றொன்றைக் கொண்டும் அடிப்பார்கள். பெண்களாகிய நமக்கு இது புதிதல்ல. எதிர்த்துப் பேசுகிறவளின் கருத்தை விட்டுவிட்டு அவள் நடத்தையைத்தான் முதலில் விசாரிப்பார்கள்.

நிதியமைச்சராக அவர் செய்த இரண்டு காரியங்களை என் மாணவிகளுக்கு எப்போதும் சொல்வேன். இலங்கையில் சானிட்டரி நாப்கின் மீது விதிக்கப்பட்ட வரிகளின் கூட்டுத்தொகை 100 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2018 செப்டம்பரில் அதில் ஒரு தீர்வையை நீக்கி, 60 சதவீதத்துக்குச் சற்று மேல் என்ற அளவுக்குக் கொண்டுவந்தார். அதே ஆண்டு ஜூலையில்தான் இந்தியாவிலும் நாப்கினுக்கான 12 சதவீத ஜிஎஸ்டி ரத்தானது. இன்னொன்று, பெண்கள் மதுபானம் வாங்கவும் மதுபானம் விற்கும் இடங்களில் வேலை செய்யவும் இருந்த தடை. 2018 ஜனவரியில் அதை அவர் நீக்கினார். சில நாட்களிலேயே சிறிசேன அந்த அறிவிப்பைத் திரும்பப் பெறவைத்தார். இலங்கைப் பெண்கள் சிலர் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார்கள்.

இரண்டாவதைக் கேட்டு அம்மாயிக்குக் கோபம் வந்தது. "சாராயம் வாங்குறதுக்கா உரிமை? சம்பளத்தன்னிக்குக் கடை வாசல்ல நின்னு புருசன் பாக்கெட்லேர்ந்து காசப் புடுங்கின பொம்பளைங்கள அவனுக்குத் தெரியுமா?" அவள் கோபம் நியாயம். தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் மது யாருடைய உரிமை என்று கேட்டால் கிடைக்கும் பதில் கொழும்பில் கிடைப்பது அல்ல. ஆனால் சட்டம் தடுத்தது குடிப்பதை அல்ல, பெண் என்பதை. குடித்துவிட்டு அடிக்கும் ஆணுக்கு வராத தடை அவளுக்கு வந்தது. இதை அம்மாயியிடம் சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் அந்த விஷயத்தில் கடைசிவரை ஒத்துப்போகவே இல்லை.

மங்களவைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. 2005இல் மகிந்தவை ஜனாதிபதி ஆக்க உழைத்தவர்களில் அவரும் ஒருவர். 2007இல் அந்த அரசிலிருந்து நீக்கப்பட்டார் என்றாலும், அந்த ஆட்சி தமிழர்களுக்கு என்ன செய்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. அவர் ஐ.நா.வில் கொடுத்த வாக்குறுதிகளில் பெரும்பாலானவை காகிதத்தில் நின்றன. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தமிழ்த் தாய்மார் காணாமல் போன பிள்ளைகளின் படங்களோடு சாலையோரம் உட்கார்ந்தபோது ஆட்சியில் இருந்தது அவருடைய அரசுதான். தாய்மார்களோடு அரசியலைத் தொடங்கியவரின் ஆட்சியிலேயே தாய்மார்கள் தெருவில் இருந்தார்கள்.

தன் சமூகத்துக்கும் அவரால் சட்டத்தை மாற்றித் தர முடியவில்லை. ஆங்கிலேயர் 1883இல் கொண்டுவந்த இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் தன்பாலின உறவைக் குற்றமாக்குகின்றன. அதில் 365ஏ, ஆண்களை மட்டும்தான் குறிப்பிட்டிருந்தது. 1995இல் பாலியல் வன்முறைக்கு எதிரான நல்ல திருத்தங்கள் பல வந்தபோது, அந்தப் பிரிவில் ஆண் என்ற சொல்லை எடுத்துவிட்டு நபர் என்று பொதுவாக எழுதினார்கள். சமத்துவம் வந்தது எப்படியென்றால், பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். அந்த அரசிலும் மங்கள அமைச்சர். 2017 ஜனவரியில், மனித உரிமைச் செயல்திட்டத்தில் பாலீர்ப்பு பற்றிய பகுதியை அமைச்சரவை நிராகரித்தபோதும் அவர் அமைச்சர். ஒரு நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதால் மட்டும் மேஜை திரும்பிவிடாது.

அப்படியானால் என்னதான் கிடைத்தது?

போன வருடம் வகுப்பில் ஒரு மாணவி இதையே கேட்டாள். நம் ஊர் உதாரணத்தை வைத்துக் கேட்டாள். 2022 பிப்ரவரியில் வேலூர் மாநகராட்சியின் 37ஆவது வார்டில் கங்கா என்ற திருநங்கை திமுக சார்பில் நின்று கவுன்சிலராக வென்றார். "அவங்க ஒருத்தங்க ஜெயிச்சதால, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்களுக்கு என்ன மேம் மாறும்?" நான் உடனே பதில் சொல்லவில்லை. குடிநீர்க் குழாய் உடைந்தால், சாக்கடை அடைத்தால், அந்த வார்டு மக்கள் யார் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவள் யோசித்தாள். இதுவரை நம் வாசலில் நின்றவர்களை விரட்டியவர்கள், ஒரு மனுவோடு அவர் வாசலில் நிற்பார்கள். அது பெரிய புரட்சி அல்ல. ஆனால் ஒரு தெருவின் பழக்கம் மாறுகிறது.

மங்களவின் பதிலிலும் எனக்குக் கிடைத்தது அந்த மாதிரி ஒன்றுதான். அவர் அவமானத்தை மறுக்கவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லியிருந்தால் அந்தக் கேலி நியாயமாகியிருக்கும். கண்டனம் தெரிவிக்கிறேன் என்று அறிக்கை விட்டிருந்தால் மறுநாள் மறந்துபோயிருக்கும். அவர் அந்தச் சொல்லைக் கையில் வாங்கி, அதன் பக்கத்தில் இன்னொரு உயிரை வைத்துக் காட்டினார். எது யாரிடம் ரத்தம் குடிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வாரங்களில் கொழும்பில் ஜனநாயகத்துக்காகத் தெருவில் நின்ற பால்புதுமையினர் வண்ணத்துப்பூச்சி என்ற சொல்லைத் தங்கள் பதாகைகளில் ஏந்தினார்கள். டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், நாடாளுமன்றத்தைக் கலைத்தது அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்புச் சொன்னது. நாட்டின் அரசியலமைப்பைக் காக்க நின்ற கூட்டத்தில் தாங்களும் இருந்தோம் என்று, சட்டத்தின்படி குற்றவாளிகளான அவர்கள் சொல்லிக்கொள்ள முடிந்தது.

ஹார்வி மில்க், வீட்டிலும் வேலையிடத்திலும் வெளியே வந்து சொல்லுங்கள் என்று தன் மக்களைக் கேட்டுக்கொண்டவர். அதைப் படிக்கும்போது எனக்கு லயத்துச் சுவர்கள் ஞாபகம் வரும். இங்கே வெளியே வருவதற்கு முதலில் உள்ளே என்று ஓர் இடம் வேண்டுமே. எல்லோருக்கும் எல்லாம் கேட்கும், யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள். 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்த இரண்டு பெண்கள் மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்தவர்கள். பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்திருந்தார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இந்த விஷயத்தில் அறிவு போதவில்லை என்று ஒப்புக்கொண்டு ஓர் உளவியலாளரிடம் பாடம் கேட்டுவிட்டு ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். பாலீர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்வதற்குத் தடை விதித்தார். அந்தச் செய்தியைப் படித்த இரவு நாங்கள் இருவரும் நெடுநேரம் தூங்கவில்லை. பேருந்தேறி ஓடாமல், காணாமல் போனவர்கள் ஆகாமல், பக்கத்து ஊரிலேயே இருந்துகொண்டு வாழ முடியுமா என்று பேசிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்கு அந்த இடத்தைக் கொஞ்சம் அகலமாக்கியது அம்மாயிதான்.

2020 பொங்கலுக்கு அவள் என்னோடு ஊருக்கு வந்திருந்தாள். சிநேகிதி என்றுதான். அம்மாயியின் மூட்டு வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள், பிரஷர் பார்த்தாள். பின்கட்டில் சின்னம்மா என் அம்மாவிடம் சொல்வது திண்ணைவரை கேட்டது. "அந்தப் புள்ள என்னாக்கா, எப்பப் பாரு இவளோட அட்ட மாதிரி ஒட்டிக்கிட்டு? அதான் இவளுக்குக் கல்யாணம் கூடி வரல. ஊர்ல என்ன பேசுறாங்கன்னு தெரியுமா?"

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குக் கை நடுங்கியது. அவள் தைலப் புட்டியை மூடிக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தாள். அம்மாயி அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். பிறகு, பின்கட்டுக்குக் கேட்கும்படி, கொழுந்து மலையில் அடுத்த நிரைக்குக் கூப்பிடும் குரலில் சொன்னாள்.

"அட்ட எதுன்னு எனக்குத் தெரியும். நாப்பத்தாறு வருசம் கடிபட்ட காலு இது. ஒட்டிக்கிட்டு ரத்தம் குடிச்சுக் கொழுத்துட்டு உளுந்து போகும், அது அட்ட. இது வந்து காலப் புடிச்சு விடுது. இது வேற."

அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. வண்ணத்துப்பூச்சி என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. நானும் சொல்லவில்லை. ஆனால் 2018இல் அடுப்படியில் நான் படித்துச் சொன்னது எதையும் அவள் மறக்கவில்லை என்று எனக்கு அன்று தெரிந்தது. மாத்தறைக்காரர் ஒருவர் ஜனாதிபதிக்குச் சொன்ன பதில், அவருடைய அப்பாவின் அரசாங்கத்தால் கப்பல் ஏற்றப்பட்ட ஒருத்தியின் வாயில் ஏறி, கோத்தகிரி ஹட்டியில் பிறந்த ஒரு பெண்ணின் கையைப் பிடித்து உட்காரவைத்தது. யாரிடம் திருப்பிச் சொல்வது என்று கேட்டவள், திருப்பிச் சொன்னாள். அவளுக்கு நாற்காலி கிடையாது. கீழே பாய்தான் விரித்திருந்தது.

மங்கள 2021 ஆகஸ்ட் 24 அன்று கொரோனாவில் இறந்தார். 65 வயது. அம்மாயியிடம் சொன்னேன். "பாவம். அம்மாமாரோட நின்னவன்" என்றாள். சாராயக் கடையை மட்டும் அவள் மன்னிக்கவில்லை. அடுத்த வருடம் மார்கழியில் அவளும் போனாள். 365ஏ பிரிவை நீக்கும் தனிநபர் மசோதா ஒன்று அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் இலங்கை உச்ச நீதிமன்றம் சொன்னது. மசோதா நிறைவேறவில்லை. அதே வருடம் அக்டோபர் 17 அன்று நம் உச்ச நீதிமன்றம், தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் தர மறுத்தது. பாஸ்புத்தகத்தில், ரேஷன் அட்டையில், மருத்துவமனைப் படிவத்தில் நாங்கள் இன்னும் ஒருவருக்கொருவர் யாருமில்லை. போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் முற்றி அட்மிட் செய்தபோது, நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தோழி என்று எழுதினேன். தோழி கையெழுத்துப் போட முடியாது, வீட்டு ஆள் வேண்டும் என்றார்கள். கோத்தகிரியிலிருந்து அவள் அண்ணன் வரும்வரை இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். குடியுரிமை இல்லாத வாழ்க்கை எப்படியிருக்கும் என்று அம்மாயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்று கொஞ்சம் புரிந்தது. நம்மைப் பற்றிய காகிதத்தில் நம் பெயருக்கு இடமிருக்காது.

என் அம்மா இன்னும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. ஆனால் இந்தத் தீபாவளிக்கு முறுக்கு கொடுத்தனுப்பினாள். இரண்டு பொட்டலம். ஒன்றில் காரம் குறைவு. அவளுக்குக் காரம் ஆகாது என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் கேட்கிற பழக்கம் இல்லை.

இந்தக் கட்டுரையைப் புனைபெயரில் போட்டுக்கொள்ளலாம் என்று தொகுப்பாசிரியர் சொன்னார். அக்கறையோடுதான் சொன்னார். என் வேலை வருடா வருடம் புதுப்பிக்கப்படும் வேலை. வீடு, பதினொரு மாத ஒப்பந்தம். ராத்திரி இரண்டு பேரும் பேசினோம். மங்களவுக்கு ஒரு நாற்காலியும் ஓர் அப்பாவும் லண்டன் படிப்பும் இருந்தன, நமக்கு என்ன இருக்கிறது என்றாள் அவள். அம்மாயி இருந்தாள் என்றேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "உன் பேரப் போடு. என் பேர நான் சொல்றப்பச் சொல்றேன்" என்றாள்.

அதனால் என் பெயர் மட்டும் இருக்கிறது.